காட்டாமல் கழுவக் கூடாது

"எத்தனை நாளா இருக்கு?" என்றுதான் அண்ணி முதலில் கேட்டாள்.

நர்சம்மா கையிலிருந்த தாளை மேஜைமேல் வைத்தார். "அதைச் சொல்ல முடியாதும்மா."

"சும்மா ஒரு கணக்குக்குச் சொல்லுங்க. ஒரு மாசமா, ஒரு வருஷமா?"

"இதுல ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு வைரஸ், எச்.பி.வி.ன்னு பேரு. அது வருஷக்கணக்கா சத்தமே போடாம உள்ள கிடக்கும். எப்ப வந்தது, யார்கிட்டேர்ந்து வந்ததுன்னு தாளைப் பாத்துச் சொல்ற ஆள் இன்னும் பொறக்கலை."

"இன்னொண்ணு?"

"அது ஒரு ஒட்டுண்ணி. கண்ணுக்குத் தெரியாது. மாத்திரையில போயிடும். ஆனா அது இருக்கிற வரைக்கும் கர்ப்பப்பை வாய் ரணமாவே இருக்கும். வைரஸ் தனியா வந்தா உடம்பே பெரும்பாலும் விரட்டிடும். ரணமான இடத்துல வந்துட்டா காலை நீட்டிப் படுத்துக்கும், லேசுல கிளம்பாது. அப்படி வருஷக்கணக்கா தங்கினாத்தான் புத்துநோய்க்கு வழி. அதனாலதான் ரெண்டும் சேந்து இருந்தா நாங்க கொஞ்சம் கூடுதலா கவனிப்போம்."

அண்ணி அதையெல்லாம் தலையாட்டிக் கேட்டாள். பிறகு குரலை இறக்கி, "இதெல்லாம் படுக்கையில வர்றதா?" என்றாள்.

"ஆமாம்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான்."

"நான் எங்கேயும் போகலை."

"நான் உங்களைச் சொல்லலையே."

"அப்ப அவரைச் சொல்றீங்க."

"நான் யாரையும் சொல்லலைம்மா. மாத்திரையைச் சொல்றேன்." நர்சம்மா இரண்டு காகித உறைகளை எடுத்து நீட்டினார். "இது உங்களுக்கு, ஒரு வாரம். இது உங்க வீட்டுக்காரருக்கு, ஒரே வேளையில எல்லாத்தையும் முழுங்கிடணும். ரெண்டு பேரும் முடிச்சு ஒரு வாரம் ஆகுற வரைக்கும் சேந்து படுக்க வேண்டாம். அவர் போடலைன்னா அது அவர்கிட்டேர்ந்து திரும்பி உங்களுக்கே வந்துடும். ஆம்பளைங்களுக்குப் பெரும்பாலும் வலி, எரிச்சல் எதுவும் இருக்காது. எனக்கு ஒண்ணுமில்லையேம்பாங்க. நம்பாதீங்க."

"நம்பலை," என்றாள் அண்ணி உடனே.

பக்கத்து நாற்காலியில் இருந்த நாத்தனார் பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அண்ணி உறைகளை வாங்கிப் பைக்குள் போட்டு, ஜிப்பை ஒரு முறைக்கு இரு முறை இழுத்துப் பார்த்தாள்.

வெளியே பெஞ்சில் இன்னொரு பெண் தன் தாளை மடித்துக்கொண்டே போனில் யாரிடமோ, "எல்லாம் நல்லா இருக்காம், ஒண்ணுமில்லையாம்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணி நின்று அவளைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை, காலிலிருந்து தலைவரை. பிறகு படியிறங்கும்போது சொன்னாள்: "அவ வீட்டுக்காரன் மூஞ்சி எப்படி இருக்கும்னு நினைக்கிறே? கண்டிப்பா கோரமா இருக்கும். இல்லைன்னா இவளுக்கு மட்டும் எப்படி ஒண்ணுமில்லாம போகும்?"

தெருவுக்கு வந்ததும் மறுபடி நின்றாள்.

"கறைக்கு வயசு உண்டு, பாப்பா. எந்தக் கறைக்கும் உண்டு. இவங்களுக்குப் பாக்கத் தெரியலை, அவ்வளவுதான்."

அண்ணியைத் தெருவில் எல்லாரும் கறையக்கா என்றுதான் சொல்வார்கள். சலவைக் கடையின் பின்பக்கத்தில், வடக்குப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே அவளுடைய மேஜை. தகரம் போர்த்திய மேஜை அது. அதன்மேல் சிறிய பாட்டில்கள், பல் துலக்கும் பிரஷ்கள், கறையைச் சுரண்ட ஒரு எலும்புக் கரண்டி, அடியில் வைத்து அழுத்த மடித்த வெள்ளைத் துணிகள். துணியைக் கொடுத்தால் அவள் முதலில் முகர்ந்து பார்ப்பாள். பிறகு கறையின் ஓரத்தை நகத்தால் வருடுவாள். "காப்பி. மூணு நாளாச்சு. நடுவுல தண்ணி தொட்டுத் தேச்சிருக்கீங்க," என்பாள். மை, எண்ணெய், துரு, ரத்தம், உதட்டுச்சாயம் எல்லாம் அவளுக்கு ஊரும் பேரும் தெரிந்த ஆட்கள் மாதிரி.

முன்பக்கம் பாப்பாவின் இடம். துணி வாங்குவது, அதில் அடையாளச் சீட்டுக் கட்டுவது, போன் எடுப்பது. பாப்பாவுக்கு இருபத்தாறு வயதாகிவிட்டது. ஆனாலும் அண்ணன் வைத்த அந்தச் செல்லப் பெயர் மாறவில்லை. அப்பா அம்மா போனபிறகு அவளை வளர்த்தவன் அண்ணன்தான். நடுக்கூடத்தில் நீராவிப் பெட்டியோடு நிற்பவர் இஸ்திரி மாமா. யாருக்கும் உறவில்லை, எல்லாருக்கும் மாமா. அண்ணன் வண்டியில் போய்ப் பெரிய இடங்களின் துணிகளை எடுத்து வருவான், கொண்டுபோய்க் கொடுப்பான். ஹோட்டல்களின் படுக்கை விரிப்பு, மேஜை விரிப்பு, துவாலை.

கடைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. அதைப் போட்டவள் அண்ணி. முன்பொரு முறை ஒருவர் கோட்டின் முதுகில் சிகரெட் சுட்ட ஓட்டை இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. துவைத்துக் கொடுத்ததும் அவர், ஓட்டையை நீங்கள்தான் போட்டீர்கள் என்று தெருவைக் கூட்டிவிட்டார். அன்றிலிருந்து, எந்தக் கறையானாலும் கிழிசலானாலும் உடையவரிடம் விரித்துக் காட்டி, "இது உங்களுடையது, பாத்துக்கங்க," என்று சொல்லி, அவர் ஆமாம் என்ற பிறகுதான் துணி தண்ணீரைத் தொட வேண்டும். காட்டாமல் கழுவக் கூடாது.

"கழுவிட்டா யார் வேணா யார் மேல வேணா பழி போடலாம்," என்பாள் அண்ணி.

அவளுடைய சந்தேகம் இந்தத் தொழிலோடு வந்ததல்ல. அவளுடைய அப்பாவுக்கு ஊரின் மறுகோடியில் இன்னொரு குடும்பம் இருந்தது. அவர் சட்டைகளை அம்மா வாளியில் போட்டு, கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டு கசக்குவாள். பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்த அண்ணிதான் அந்தச் சட்டைகளை வாளியில் விழும் முன் எடுத்துப் பார்ப்பாள். பவுடர் வாசனை. ஒரு குழந்தை ஒழுக்கிய பால். தன் வீட்டில் அந்த வயதுக் குழந்தையே இல்லை. "எங்கம்மா பாக்க மாட்டா. நான் பாப்பேன்," என்று ஒருமுறை பாப்பாவிடம் சொன்னாள், பெருமையாகவே.

அதனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணனுடைய காலரும் கைப்பட்டியும் தினமும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை விரிந்தன. இஸ்திரி மாமா, "உங்க அண்ணி ஈயை விரட்டினாக்கூட அது ஆம்பளை ஈயா பொம்பளை ஈயான்னு பாத்துத்தான் விரட்டுவா," என்பார். அண்ணிக்குக் கேட்கும். "ஆம்பளை ஈயை நீங்களே பாத்துக்கங்க மாமா, உங்க சட்டைலதான் மொய்க்குது," என்று பதில் வரும். வங்கியில் அண்ணனுக்கு எழுதப் பேனா கொடுத்த பெண், வண்டியில் அவனோடு பேசிக்கொண்டே வந்த பூட்டுக்கடைக்காரனின் தங்கை, தொலைக்காட்சியில் வானிலை வாசிப்பவள், எல்லார் மேலும் அவளுக்கு ஒரு கண். பாப்பாவையும் விட்டதில்லை. அண்ணன் ரொட்டியின் மொறுமொறுப்பான ஓரத்தை வழக்கம்போலப் பாப்பாவின் தட்டில் வைத்தால், அண்ணி தன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைப்பாள். மறுநாளிலிருந்து அண்ணன் ஓரத்தை இரண்டாகப் பிய்த்தான்.

பாப்பா ஒன்றும் யோக்கியமில்லை. அண்ணி வந்த புதிதில், அண்ணனின் பழைய சட்டை ஒன்றில் மையைக் கொட்டி அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள், போகாதென்று நினைத்து. மறுநாள் சட்டை பளிச்சென்று திரும்பி வந்தது. "ஃபவுண்டன் பேனா மை. வலது கையால ஊத்தினது. இனிமே வெள்ளைச் சட்டையா கொடு, கொஞ்சம் கஷ்டமா இருக்கும்," என்றாள் அண்ணி. அன்றிலிருந்து இருவருக்கும் ஒத்துப்போனது.

பரிசோதனைக்குப் போனது பாப்பாவின் யோசனை. தெருக்கோடிக் கட்டடத்தின் முதல் மாடியில் பெண்களுக்கான சுகாதார நிலையம், இலவசம், கல்யாணமானவர்கள் எல்லாரும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு வந்திருந்தது. தாளெல்லாம் இன்னொரு மொழியில் இருக்கும் என்பதால் படித்துச் சொல்லப் பாப்பாவும் கூடப் போனாள். இந்த முடிவு வந்தபிறகு, ஏன் கூட்டிக்கொண்டு போனோம் என்று அவளே நொந்துகொண்ட நாட்கள் உண்டு.

ஏனென்றால் அண்ணிக்கு வைரஸ் காதிலேயே ஏறவில்லை. புற்றுநோய் என்ற சொல்கூட ஏறவில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒருத்தியின் முகம்.

வேட்டை ஹோட்டலில் போய் நின்றது. அண்ணன் அதிகம் போகிற இடம் அதுதான். அங்கே விரிப்புகளை எண்ணி வாங்குகிற மேற்பார்வைக்காரி ஒருத்தி இருந்தாள். ஒரு நாள் அண்ணனுக்குக் காய்ச்சல் என்று ஹோட்டலுக்குப் போன் செய்துவிட்டு, அவனுக்குக் காய்ச்சல் இல்லாமலேயே, அண்ணி தானே வண்டியை ஓட்ட ஏறி உட்கார்ந்தாள். பாப்பாவையும் இழுத்துக்கொண்டாள்.

ஹோட்டலின் பின்வாசல் குறுகலானது. சுவரெல்லாம் ஈரம். மேற்பார்வைக்காரி நாற்பதைத் தாண்டியவள், இடுப்பில் சாவிக்கொத்து, பிளீச்சில் ஊறி வெளுத்த விரல்கள். அண்ணி அந்த விரல்களையே பார்த்தாள்.

"நீங்கதான் அவர் வீட்டம்மாவா?" என்று மேற்பார்வைக்காரி சந்தோஷமாகக் கேட்டாள். "வாங்க வாங்க. எப்பப் பாத்தாலும் உங்க பேச்சுத்தான். அந்தக் கறையை எடுத்தா, இந்தக் கறையை எடுத்தான்னு. எனக்கே உங்களைப் பாக்கணும்னு ஆசையா போச்சு."

"அப்படியா," என்றாள் அண்ணி. "வேற என்ன சொல்வாரு?"

"உங்களுக்குக் குளிர் ஆகாதாமே. கால்ல ரெண்டு காலுறை போட்டுத் தூங்குவீங்களாமே."

வண்டியில் திரும்பி வரும்போது அண்ணி கொதித்தாள். "என் காலுறையைப் பத்தி அவகிட்ட என்ன பேச்சு? ஒரு மனுஷன் பொண்டாட்டியோட காலுறையைப் பத்தி எப்ப பேசுவான், சொல்லு?"

"காலுறையைப் பத்திப் பேச நேரம் வாய்ச்சா பேசுவான். அவங்க விரிப்பை அம்பது, அறுபதுன்னு எண்ணி முடிக்கிற வரைக்கும் பேசியிருப்பாரு."

"உனக்கு உங்க அண்ணன் சுண்ணாம்புல குளிச்சுட்டு வந்தாக்கூட வெள்ளையாத்தான் தெரிவான்."

"அந்தம்மாவைப் பாத்தா அப்படியா அண்ணி தெரியுது?"

"அவ சிரிச்சா. என்னைப் பாத்துச் சிரிக்க அவளுக்கு என்ன இருக்கு? தப்புப் பண்ணாதவ என்னைப் பாத்து ஏன் சிரிக்கணும்?"

பாப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் ஒன்று கவனித்திருந்தாள்: அண்ணி இத்தனையையும் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் தட்டுகள் சத்தமாக வைக்கப்பட்டன, அவ்வளவுதான். முதல் மாதம் முழுக்க அவனைக் கூடத்தில் படுக்க வைத்தாள், இடுப்பு வலி என்று காரணம் சொல்லி. பிறகு, தான் தள்ளி வைத்தால் அவன் எங்கே போவான் என்ற பயம் வந்துவிட்டது. திரும்ப உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. இம்முறை தாளை வாசித்துச் சொன்னபோது பாப்பாவின் குரல் இறங்கிப் போனது. ஒட்டுண்ணி மறுபடி இருக்கிறது. வைரஸும் போகவில்லை. கர்ப்பப்பை வாயின் செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன. பூதக்கண்ணாடிக் கருவி வைத்துப் பார்க்க வேண்டும், சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும், உடனே நாள் குறித்துக்கொள்ளவும்.

அண்ணியின் முகத்தில் பயத்தைத் தேடினாள் பாப்பா. அங்கே இருந்தது வேறு. கேஸ் ஜெயித்த வக்கீலின் முகம்.

"நான் சொன்னேன்ல?" என்றாள். "ஒரு வேளை விடாம மாத்திரை போட்டேன். அது போச்சு, எனக்கே தெரிஞ்சுது, எரிச்சல் நின்னு போச்சு. இப்ப திரும்ப வந்திருக்குன்னா புதுசா வந்திருக்கு. முந்தியது கல்யாணத்துக்கு முன்னாடி, பின்னாடின்னு நர்சம்மா கதை சொல்லலாம். இது மூணு மாசத்துக்குள்ள. இதுக்கு வயசு தெரிஞ்சு போச்சு, பாப்பா."

முதன்முறையாகப் பாப்பாவுக்கும் அண்ணன் மேல் ஒரு சந்தேகம் முளைத்தது. அன்று மாலை அவன் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து நீட்டியபோது வேண்டாம் என்றாள்.

"சரி, எப்ப நாள் குறிக்கலாம்?" என்று அண்ணியைக் கேட்டாள்.

"எதுக்கு?"

"கருவி வச்சுப் பாக்கத்தான். அப்புறம் வெட்டி எடுக்கணும்னா எடுக்கணும்."

"எடுத்துட்டா?"

"எடுத்துட்டா சரியாப் போயிடும்."

"அதைத்தான் கேக்கறேன். எடுத்துட்டா எனக்குன்னு என்ன இருக்கு? நாளைக்கு அவரை உக்கார வச்சுக் கேட்டா, எங்கே காட்டுன்னா, நான் எதைக் காட்டுவேன்? உனக்கு ஒண்ணுமே இல்லையே, நல்லாத்தானே இருக்கேன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிடுவாரு. எங்கப்பா அப்படித்தான் போவாரு." அண்ணி கையிலிருந்த துணியை மேஜையில் நீவினாள். "காட்டாம கழுவ மாட்டேன்."

"அண்ணி, இது மேஜை விரிப்பு இல்லை."

"எனக்குத் தெரியும்."

"அப்ப இப்பவே காட்டுங்க. இன்னைக்கே கேளுங்க."

"அவ யாருன்னு உறுதியா தெரிஞ்சப்புறம் கேப்பேன். அரைகுறையா கேட்டா நழுவிடுவாரு."

அப்படியே மாதங்கள் போயின. நிலையத்திலிருந்து போன் வந்தால் அண்ணியே ஓடிவந்து எடுத்து, "தப்பான நம்பர்," என்று வைத்தாள். பாப்பா கெஞ்சினாள், பேசாமல் இருந்து பார்த்தாள். அண்ணனிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டியபோது அண்ணியின் கண் நிறைந்துவிட்டது. "சொன்னே, அப்புறம் இந்த வீட்டுல எனக்கு யாருமே இல்லை," என்றாள். பாப்பா சொல்லவில்லை. அது தப்பு என்று தெரிந்தேதான் சொல்லாமல் இருந்தாள். ஒரு நாள் குளியலறையில் ஊறப் போட்டிருந்த துணியில், மாதவிலக்கு இல்லாத நாளில், ரத்தக் கறையைப் பார்த்தாள். புதுசு என்று அவளுக்கே தெரிந்தது. அண்ணி குறுக்கே வந்து வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வாரம் பாப்பா தன் போனிலிருந்து நிலையத்துக்குப் பேசினாள்.

இரண்டு நாள் கழித்து, அண்ணன் வண்டியோடு வெளியே போயிருந்த மதிய வேளையில், நர்சம்மா கடைக்கு வந்தார். கையில் தன் வெள்ளைக் கோட்டு. முன்பக்கத்தில் பழுப்புத் திட்டுகள். பாப்பாவைத் தெரியாதவர்போல, "கறை எடுக்கிறவங்க யாரு?" என்று கேட்டுக்கொண்டே நேராகப் பின்பக்கம் போய்விட்டார்.

அண்ணிக்கு ஆளைத் தெரிந்தது. ஆனாலும் துணியைக் கண்டபின் அவளால் முகம் திருப்ப முடியாது. கோட்டை ஜன்னலுக்குக் காட்டி முகர்ந்தாள்.

"அயோடின். நேத்து பட்டது."

"அதேதான். போகுமா?"

"போகும். எதுல பட்டது?"

"வேலைலதான். கருவி வச்சுப் பாக்கும்போது கர்ப்பப்பை வாயில இதைத் தடவுவோம். நல்லா இருக்கிற இடம் கருகருன்னு பழுப்பாயிடும். கெட்டுப்போன இடத்துல கறை பிடிக்காது. வெளுத்தே நிக்கும்."

அண்ணியின் கை நின்றது. "கறை பிடிக்காத இடந்தான் கெட்டதா?"

"ஆமா."

"என் பொழப்புக்கு நேர்தலைகீழா இருக்கே," என்றாள். தன்னை அறியாமல் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். நர்சம்மா உட்கார்ந்தார்.

"உங்களை ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். உங்க வீட்டுக்காரர் மாத்திரை போட்டாரா?"

"எந்த மாத்திரை?"

"ரெண்டு உறை கொடுத்தேனே. ஒண்ணு அவருக்கு."

"அது பொத்தான் டப்பாவில இருக்கு."

நடுக்கூடத்தில் நீராவிப் பெட்டி உஸ் என்றது. இஸ்திரி மாமா தலையைக் குனிந்துகொண்டு ஒரே காலரைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார். கதவோரம் நின்ற பாப்பா ஓரடி உள்ளே வந்தாள்.

"கொடுக்கவே இல்லையா?" என்றார் நர்சம்மா.

"எதுக்குக் கொடுக்கணும்?" அண்ணி நிமிர்ந்தாள். "தப்புப் பண்ணினவர் தானா வந்து கேப்பாருன்னு பாத்தேன். எனக்கு உடம்பு சரியில்லை, எரிச்சல், மாத்திரை சாப்பிடறேன்னு காதுபட சொன்னேன். மனசுல ஒண்ணு இருந்தா, எனக்கும் வேணுமான்னு கேட்டிருப்பாரா மாட்டாரா? கேக்கலை. கல்லு மாதிரி இருந்தாரு."

"அன்னைக்கே சொன்னேனேம்மா. அவர் போடலைன்னா அது திரும்பி உங்களுக்கே வரும்னு."

"சொன்னீங்களா?" அண்ணி பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா தலையாட்டினாள். "படுக்கையில வர்றதான்னு கேட்டேன், ஆமான்னீங்க. அதுக்கப்புறம் நீங்க சொன்னது எதுவும் எனக்குள்ள போகலை."

நர்சம்மா கோபப்படவில்லை. மேஜைமேல் கிடந்த வெள்ளைத் துணியை எடுத்து, பொறுமையாக மடித்துக்கொண்டே பேசினார். "நீங்க மாத்திரை போட்டீங்க, உங்ககிட்ட போச்சு. அவர் போடலை, அவர்கிட்ட அப்படியே இருந்தது. திரும்ப ஒண்ணா படுத்தீங்க. வந்துடுச்சு. இதுக்கு நடுவுல இன்னொருத்தி வர இடமே இல்லை."

"அப்ப அவ?"

"எவ?"

"அந்த ஹோட்டல்காரி."

"எனக்கு எந்த ஹோட்டல்காரியையும் தெரியாது. முதல் தடவை எப்படி வந்ததுன்னும் தெரியாது. அவர் சின்ன வயசுல எங்கேயாவது போயிருக்கலாம், நேத்துப் போயிருக்கலாம். உங்களை நான் ஏமாத்த மாட்டேன், அது தெரியவே தெரியாது. ஆனா ரெண்டாவது தடவை வந்ததுக்கு எவளும் வேண்டியதில்லை. நீங்க பொத்தான் டப்பாவில போட்ட மாத்திரையே போதும்."

அண்ணி எலும்புக் கரண்டியை எடுத்தாள், வைத்தாள். இத்தனை மாதம் அவள் ஒரு பெண்ணைக் கட்டி எழுப்பியிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு வெளுத்த விரல்கள் உண்டு, சிரிப்பு உண்டு, அண்ணனின் மடியில் தலைவைத்து அண்ணியின் காலுறையைப் பற்றிக் கேட்கிற காது உண்டு. இப்போது அந்தக் கற்பனைப் பெண் எழுந்து கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள், போகும்போது நாற்காலியைக்கூட நகர்த்தவில்லை. அண்ணிக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். பாப்பா பார்த்தவரையில் அவளுக்கு வந்தது நஷ்டம்தான்.

"முதல் தடவை?" என்று கடைசியாகக் கேட்டாள், சின்னக் குரலில்.

"தெரியாதும்மா. அதைத் தேடிக்கிட்டே இருந்தா தேடலாம். நான் வந்தது அதுக்கில்லை. உங்க செல்லு மாறிக்கிட்டு இருக்கு. இப்ப வந்தா கொஞ்சமா சுரண்டி எடுத்துடலாம். நீங்க கண்டுபிடிச்சு முடிக்கிற வரைக்கும் அது காத்துக்கிட்டு இருக்காது."

அண்ணி கோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பழுப்புத் திட்டை விரித்து நர்சம்மாவிடம் காட்டினாள். "இது உங்களுடையது. பாத்துக்கங்க."

"ஆமா, என்னுடையதுதான்."

"வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கங்க," என்றாள். பிறகு, "நான் எப்ப வரணும்?"

நர்சம்மா புதிய உறைகள் இரண்டைக் கொண்டுவந்திருந்தார்.

கருவி வைத்துப் பார்த்தார்கள். அயோடின் பிடிக்காத இடம் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்த இடத்தை வழித்து எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் அண்ணனும் பாப்பாவும் இருந்தார்கள். சோதனை முடிவில், செல்கள் நன்றாகவே மாறியிருந்தன, இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் புற்றுநோய்தான், ஆனால் இன்னும் ஆகவில்லை, எடுத்த துண்டின் ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றன என்று இருந்தது. பாப்பா அந்தக் கடைசி வரியை மொழிபெயர்த்துச் சொன்னபோது அண்ணி, "ஓரம் சுத்தமா இருந்தா திரும்பாது," என்றாள். திரும்பலாம், அதனால்தான் வருடா வருடம் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாப்பா திருத்தினாள். அண்ணி ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. வைரஸும் மெல்லப் போய்விட்டது.

பொறாமை மட்டும் போகவில்லை. அதற்கு மாத்திரை கிடையாது. ஹோட்டல் மேற்பார்வைக்காரி இப்போது கடைக்கே வருகிறாள். அண்ணியின் மேஜையருகே உட்கார்ந்து தேநீர் குடிக்கிறாள். இருவரும் பிளீச் விரல்களைப் பற்றி ஒருவருக்கொருவர் புலம்பிக்கொள்கிறார்கள். அவள் போனதும் அண்ணி, "இன்னைக்கு ஏன் புதுச் செருப்பு போட்டுட்டு வந்தா?" என்பாள். "உங்களைப் பாக்கத்தான்," என்பார் இஸ்திரி மாமா. "நீங்க கம்முனு தேயுங்க, கருகிடப் போகுது," என்பாள்.

அண்ணனுடைய காலர் இன்றும் ஜன்னல் வெளிச்சத்தில் விரிகிறது.

நர்சம்மா அன்று கடைக்குக் கொண்டுவந்த மாத்திரையை அண்ணனுக்குக் கொடுத்தது பாப்பா. அவன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். நர்சம்மா சொன்ன சொற்களையே, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல், தங்கை அண்ணனிடம் சொல்லக் கூசும் சொற்களையெல்லாம், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சொல்லி முடித்து நிமிர்ந்தபோது அவன் முகத்தில் ஒன்று இருந்தது. அதைக் குற்றம் என்றும் சொல்லலாம், பயம் என்றும் சொல்லலாம், பெண்டாட்டி இத்தனை நாள் தன்னிடம் வாய்திறக்கவில்லையே என்ற வருத்தம் என்றும் சொல்லலாம். துணியில் இருந்திருந்தால் அண்ணி படித்திருப்பாள். பாப்பாவுக்குப் படிக்கத் தெரியவில்லை. அவன் எல்லா மாத்திரைகளையும் ஒரே மூச்சில் வாயில் போட்டுக் குழாய்த் தண்ணீரைக் குடித்தான்.

பாப்பா உள்ளே போய், "முழுங்கிட்டாரு," என்றாள். அண்ணி தலையாட்டினாள்.

அதற்கப்புறம் அண்ணி எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். பொத்தான் தைக்கும்போது, பேச்சோடு பேச்சாக, "அன்னைக்கு வண்டி கழுவிக்கிட்டு இருந்தாரே, அப்ப..." என்று ஆரம்பிப்பாள். ஒருமுறை பாப்பாவின் காலைக்கூடப் பிடித்தாள், விளையாட்டாக, ஆனால் பிடி இறுக்கமாக இருந்தது. "முழுங்கினாரு அண்ணி," என்பதற்கு மேல் பாப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. அண்ணி திட்டுவாள். திட்டிவிட்டு, வந்த வேலையைப் பார்ப்பாள்.

அப்படிச் சொல்லாமல் இருக்கக் காரணம், நர்சம்மா வந்துபோன அன்று மாலை மொட்டைமாடியில் நடந்தது. விரிப்புகள் கொடியில் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. அண்ணி ஒரு உறையைப் பாப்பாவின் கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"நீ கொடு. நான் கொடுத்தா மூஞ்சியைத்தான் பாப்பேன், மாத்திரையைப் பாக்க மாட்டேன். பாத்தேன்னா ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன், எனக்கே தெரியும். அவர் முழுங்கினாரான்னு மட்டும் வந்து சொல்லு. மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு சொல்லாதே. நான் கேப்பேன். கெஞ்சுவேன், திட்டுவேன், உன்கூட இனிமே பேசவே மாட்டேன்னு சத்தியம்கூடப் பண்ணுவேன். அப்பவும் சொல்லாதே, பாப்பா."